‘கப்ரீனி’ திரைப்படம்: உதவியவரும் உதவி பெற்றவரும்

2024-ஆம் ஆண்டு மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று அமெரிக்காவில் வெளிவந்த படம் ‘கப்ரீனி’. இயக்கியவர் அலெஹாண்ட்ரோ மான்டெவெர்டே. கதைத்தலைவி பிரான்செஸ் சேவியர் கப்ரீனி என்ற இத்தாலியக் கன்னியாஸ்திரீ. கொச்சியில் வாழும் தமிழர்களின் சங்க மலருக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சொந்த ஊரை விட்டு வந்தவர்களைப் பற்றிய படம் இது. மட்டாஞ்சேரிக்காரர்களான நமக்கு அதில் சொல்ல ஏதாவது இல்லாமல் போகாது.

முதலில் வரலாறு. கப்ரீனி 1850-இல் லொம்பார்டியில் பிறந்தவர். சிறு வயது முதலே உடல்நலம் குன்றியவர். 1880-இல் தமக்கென ஒரு துறவற சபையைத் தொடங்கினார். சீனாவுக்குப் போகத்தான் அவருக்கு ஆசை. திருத்தந்தை 13-ஆம் லியோ, கிழக்கே வேண்டாம், மேற்கே போ என்று அனுப்பினார். 1889 மார்ச் 31-இல் நியூயார்க்கில் இறங்கினார். 1917-இல் சிகாகோவில் மறைவதற்குள் பள்ளி, அநாதை இல்லம், மருத்துவமனை என்று 67 நிறுவனங்களை உருவாக்கினார். 1909-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் (1946) பெற்றவர் இவரே. குடியேறியவர்களின் பாதுகாவலராக 1950-இல் அறிவிக்கப்பட்டார்.

படத்தின் சிறப்புகள்

படத்தின் தொடக்கமே நெஞ்சை அறுக்கிறது. ஓர் இத்தாலியச் சிறுவன் சாகக் கிடக்கும் தாயைத் தள்ளுவண்டியில் வைத்து நியூயார்க் தெருக்களில் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். உதவி கேட்கிறான், அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை, புரிந்துகொள்ள யாருக்கும் மனமும் இல்லை. புலம்பெயர்ந்தவனின் முதல் துன்பம் பசி என்று பலரும் நினைக்கிறார்கள். மொழி தெரியாத ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதுதான் முதல் துன்பம் என்று இயக்குநர் சொல்லிவிடுகிறார். இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கப்ரீனியாக நடித்த கிறிஸ்டியானா டெல்'அன்னா இரக்கத்தைப் பிழிந்து நடிக்கவில்லை. பிடிவாதத்தை நடித்திருக்கிறார். இருமிக்கொண்டே, உச்சரிப்புக் கலந்த ஆங்கிலத்தில், பேராயரிடமும் மேயரிடமும் வாதாடுகிறார். பத்திரிகை நிருபரை அழைத்துப்போய், நிலத்தடியில் குழந்தைகள் வாழும் இடத்தை நேரில் காட்டுகிறார். கண்ணீரைவிடச் செய்தித்தாள் வலியது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உதவ வந்தவரும் ஒரு குடியேறிதான் என்பதைப் படம் எந்தக் காட்சியிலும் மறக்கவில்லை. இதுவே இதன் பெரும் பலம்.

குறைகள்

மேயர் கூல்ட் என்ற வில்லன் கற்பனைப் பாத்திரம். கற்பனை குற்றமல்ல. ஆனால் ஒரு சமூகத்தின் வெறுப்பு முழுவதையும் ஒரே ஆளின் முகத்தில் ஒட்டிவிட்டால், அவன் இறங்கி வந்ததும் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. உண்மை வேறு. 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. மறு ஆண்டே கப்ரீனியின் சகோதரிகள் அந்த ஊருக்குப் போய்ப் பணி தொடங்கினார்கள். அங்கே வெறுப்பு ஒரு மேயரிடம் இல்லை, தெருவிலேயே இருந்தது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. இத்தாலியக் குடியேறிகள் படம் முழுக்க அழுக்கு முகத்தோடும் ஏக்கக் கண்களோடும் நிற்கிறார்கள். ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் வெறும் கூட்டம். ஆனால் அந்தச் சகோதரிகள் தெருத்தெருவாகக் கையேந்தியபோது அந்த இத்தாலியக் குடியிருப்பின் ஏழைகளும் சிறு வியாபாரிகளும் கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியவர்கள் மட்டுமல்ல, கொடுத்தவர்களும்கூட. இதைப் படம் போதிய அளவு சொல்லவில்லை.

என்னோடு படம் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே வார்த்தையில் இதைச் சொல்லிவிட்டார்: "எல்லாம் சரிதான் தம்பி. அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி அந்த ஜனங்க என்ன, சும்மா உக்காந்துகிட்டா இருந்தாங்க?" விமர்சகர்கள் பத்திப் பத்தியாக எழுதுவதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊரிலேயே, வெளிப் பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டிடமும் துவைக்கும் தொட்டிகளும் 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டியவை. நடத்துவது வண்ணார் சங்கம். எந்தப் புனிதரும் வந்து அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. சங்கமே சேர்த்தது.

அருகில் ஒரு கதை

நம் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்தே ஒரு படம் வந்திருக்கிறது. பெரும்பாவூர் அருகே புல்லுவழியில் 1954-இல் பிறந்த அருட்சகோதரி ராணி மரியாவைப் பற்றிய ‘தி ஃபேஸ் ஆஃப் தி ஃபேஸ்லெஸ்’ (2023). ஷைசன் பி. ஔசேப் இயக்கத்தில் வின்சி அலோஷியஸ் நடித்தது. மத்தியப் பிரதேசத்தில் கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கிய பழங்குடி மக்களை வங்கிக் கடன் பெறவும் அரசுத் திட்டங்களைக் கேட்டு வாங்கவும் பழக்கியதற்காக, 1995 பிப்ரவரி 25-இல் ஓடும் பேருந்தில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். 2017-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

‘முகமற்றவர்களின் முகம்’ என்ற தலைப்பே என்னை உறுத்துகிறது. அந்த மக்களுக்கு முகம் இல்லாமலா இருந்தது? நாம்தான் பார்க்கவில்லை. ராணி மரியா அவர்களுக்குத் தம் முகத்தைக் கடன் கொடுக்கவில்லை. வங்கி மேலாளர் முன் அவர்களே தங்கள் முகத்தோடு நிற்கக் கற்றுக்கொடுத்தார். வட்டிக்காரர்களுக்கு ஆத்திரம் வந்ததும் அதனால்தானே? தர்மம் செய்திருந்தால் விட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் பிறந்த மண்ணிலிருந்து வடக்கே போனார். இன்று அதே பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளுக்கு வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து உழைக்கிறார்கள். ‘அதிதித் தொழிலாளிகள்’ என்று கேரளம் அவர்களை மரியாதையாக அழைக்கிறது. ஒரு காலத்தில் அதே வேலைகளுக்கு வந்த நம்மவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘பாண்டி’. வாத்துருத்தியில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே ‘கப்ரீனி’யைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தளராத ஒரு பெண்ணின் உறுதி அதில் இருக்கிறது. ஆனால் பார்த்து முடித்ததும் அந்தத் தள்ளுவண்டிச் சிறுவனை மனதில் வையுங்கள். அவன் இன்று பெங்காலி பேசுகிறான், நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறான். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நம் சங்கத்திலிருந்து ஓர் ஆள் போகலாமே! இரண்டு தலைமுறைக்கு முன் நமக்காக யாராவது போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத்தானே தெரியும்?