இரண்டு இரவுகள், ஒரு கோடரி

டால்ஸ்டாயின் ‘தந்தை செர்ஜியஸ்’ குறுநாவலைப் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் அந்த விரலைத்தான் சொல்வார்கள். பனிக்கால இரவு, காட்டோரம் தனியாக ஒரு துறவியின் குடில். நண்பர்களிடம் பந்தயம் கட்டிவிட்டு மகோவ்கினா என்ற பணக்காரப் பெண் வந்து கதவைத் தட்டுகிறாள். குளிரில் நனைந்துவிட்டேன் என்கிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய உடை சரசரக்கிறது, அவள் கூப்பிடுகிறாள். செர்ஜியஸ் வெளியே போய், இடதுகை ஆள்காட்டி விரலை விறகுக் கட்டைமேல் வைத்துக் கோடரியால் வெட்டிக்கொள்கிறார். ரத்தத்தைப் பார்த்த அவள் உடைந்துபோகிறாள். ஒரு வருடத்துக்குள் அவளே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுகிறாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அருமையான புனிதர் சரித்திரம் ஒன்று கிடைத்திருக்கும். பாவத்துக்குக் காரணமான கையை வெட்டிப்போடச் சொல்லும் மத்தேயு சுவிசேஷ வசனத்தை ஒருவர் அப்படியே செய்து காட்டிவிட்டார். சோதனை தோற்றது, சாட்சி ரெடி. ஆனால் டால்ஸ்டாய்க்கு இது பாதிக் கதைதான்.

பாவத்தை வெல்வது என்றாலே நமக்கு நினைவில் வருவது ஒரு பயணம். ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பயணம்’ அப்படிப்பட்டது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வந்தது. அங்கே சோதனைக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. அரக்கன் வழிமறிப்பான், மாயச் சந்தை ஆசைகாட்டும், யாத்திரிகன் தாண்டிப் போவான். எதிரி வெளியே நிற்பதால் ஜெயித்ததும் அது பின்னால் போய்விடுகிறது. கிருஷ்ணபிள்ளை யாத்திரிகத்தை வெளியிட்ட அதே பத்தாண்டில்தான் ரஷ்யாவில் டால்ஸ்டாய் இந்தக் கதையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். 1890இல் தொடங்கி 1898 வரை எழுதினார். உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை. அவர் இறந்த அடுத்த வருடம், 1911இல்தான் அது அச்சானது. இந்தக் கதையில் எதிரி பின்னால் போவதில்லை. ஜெயித்தவனுக்குள்ளேயே குடியேறுகிறது.

செர்ஜியஸ் யார் என்று பார்த்தால் இது புரியும். பழைய பெயர் கசாட்ஸ்கி. இளவரசன், ராணுவ அதிகாரி. எதிலும் முதலாவதாக வந்தாக வேண்டும் என்ற வெறி. படிப்பு, பிரெஞ்சு, சதுரங்கம் என்று எதைத் தொட்டாலும் உச்சத்துக்குப் போய்த்தான் நிற்பான். தான் மணக்கவிருந்த பெண், தான் தெய்வமாக மதித்த ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸின் ஆசைநாயகியாக இருந்தவள் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் விட்டு மடத்தில் சேர்கிறான். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் மேலே போய் நிற்க இன்னொரு படி கிடைத்த சந்தோஷமும் அதில் கலந்திருக்கிறது. துறவறமும் ஒரு பதவி உயர்வு, அவ்வளவுதான்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். போஜனப்பிரியம், காமம், பேராசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், ஆணவம். பிற்காலத்தில் ஏழு பெரும்பாவங்கள் என்று ஆனதன் வேர் இதுதான். வீண்புகழைப் பற்றி அவர் கவனித்தது முக்கியமானது. மற்ற எண்ணங்கள் தோற்கத் தோற்க இது வளரும். நீங்கள் காமத்தை ஜெயித்துவிட்டீர்கள், சரி. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணத்தை எதை வைத்து ஜெயிப்பீர்கள்? அதற்கு எந்த விரலை வெட்டுவது?

விரல் போன கதை ஊரெல்லாம் பரவுகிறது. கூட்டம் வருகிறது, நோயாளிகள் வருகிறார்கள், அற்புத சுகம் நடப்பதாகப் பேச்சு. மடத்துக்கு வருமானம். செர்ஜியஸுக்கு ஜெபிக்கவே நேரமில்லை. உள்ளே ஊற்று வற்றுவது அவருக்கே தெரிகிறது, ஆனால் கூட்டம் இல்லாமலும் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கங்களை இன்று படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாம் எல்லோருமே ஏதோ ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள்தானே.

பிறகு இரண்டாவது இரவு. ஒரு வியாபாரி, நோயுற்ற தன் மகள் மார்யாவைக் குணமாக்கக் கொண்டுவந்து விடுகிறார். அவளுக்கு வயது இருபத்திரண்டு. இந்த முறை போராட்டமே இல்லை. விழுந்துவிடுகிறார்.

பெரும்பாலான வாசிப்புகள் அவசரமாகத் தாண்டிப்போகும் ஒரு இடம் அடுத்து வருகிறது. விடியற்காலையில் வெளியே வந்த செர்ஜியஸ், அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாளே என்று நினைக்கிறார். அவளைப் பிசாசு என்கிறார். விரலை வெட்டிய அதே கோடரியை எடுத்துக்கொண்டு அவள் இருக்கும் அறையை நோக்கித் திரும்புகிறார். பணிவிடைக்காரன் எதிரே வந்து, விறகு வெட்டவா, கொடுங்கள் என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஒரு கொலை நடக்காமல் போனதற்கு அந்த அப்பாவிக் கேள்விதான் காரணம்.

கதையின் மையம் இதுதான் என்பது என் வாசிப்பு. தன் உடலையே எதிரியாகப் பார்த்து வெட்டியவனுக்கு, அடுத்தவர் உடலையும் அப்படிப் பார்க்க ஒரு அடி தூரம்தான். முதல் இரவில் கோடரி தியாகமாகத் தெரிந்தது. இரண்டாவது இரவு அதன் இன்னொரு முனையைக் காட்டிவிடுகிறது. சோதனை என்றால் எப்போதும் பெண் என்று கற்றுக்கொண்ட பக்தி, கடைசியில் அந்தப் பெண்ணையே ஒழித்துக்கட்டப் பார்க்கும்.

இவ்வளவு தூரம் பார்த்த டால்ஸ்டாய், இதற்குமேல் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். மார்யா மந்தபுத்திக்காரி, காமம் நிறைந்தவள், அவளே கையைப் பிடித்தாள் என்று எழுதி வைக்கிறார். ஆனால் அவள் நோயாளி, அவர் வைத்தியர். அவள் மகள் வயது, அவர் ‘தந்தை’. நம்பி விட்டுப்போன இடத்தில் நடந்ததை ‘துறவியின் வீழ்ச்சி’ என்று மட்டும் சொன்னால் கணக்கு சரியாக வராது. தூங்கிக்கொண்டிருக்கும் அவளைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு, குடியானவன் உடையில் செர்ஜியஸ் நழுவுகிறார். அவரோடு கதையும் நழுவிவிடுகிறது. காலையில் எழுந்தவள் என்ன ஆனாள்? ஒரு வரி இல்லை.

செர்ஜியஸ் போய்ச் சேரும் இடம் பாஷென்காவின் வீடு. சின்ன வயதில் அவளைத் தரையில் படுக்கவைத்து நீச்சல் அடிக்கச் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் இவரும் ஒருவர். இப்போது அவள் வயதானவள். பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்து, மகளையும் நோயாளி மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றுகிறாள். கோயிலுக்குக்கூடச் சரியாகப் போவதில்லை, கிழிந்த உடையோடு போக வெட்கம் என்கிறாள். தான் தேடியது இங்கே மாவு பிசைந்துகொண்டிருக்கிறது என்று செர்ஜியஸுக்குப் புரிகிறது. அவள் எதையும் ஜெயிக்கவில்லை. தன்னைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை.

உழைத்துத் தேய்ந்த பெண்ணைப் புனிதையாக்குவது ஆண் எழுத்தாளர்களுக்கு வசதியான முடிவு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் முடிவில் ஒரு நேர்மை இருக்கிறது. ஊர் ஊராக அலையும் செர்ஜியஸ், அடையாளச் சீட்டு இல்லாததால் பிடிபட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே ஒரு விவசாயியின் தோட்டத்தில் வேலை செய்கிறார், குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறார், நோயாளிகளைக் கவனிக்கிறார். அற்புதம் இல்லை, கூட்டம் இல்லை. காமத்தை வென்றாரா என்று டால்ஸ்டாய் சொல்வதே இல்லை. அந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டிய வாழ்க்கை முடிந்துவிட்டது.

தமிழ் வேதாகமத்தில் ‘சோதனை’ என்ற ஒரே சொல் ஆசைகாட்டுவதையும் பரீட்சிப்பதையும் குறிக்கிறது. கிரேக்க மூலச் சொல்லும் அப்படித்தான். முதல் இரவை செர்ஜியஸ் ஆசையாகப் பார்த்து ஜெயித்தார். ஆனால் அவருக்கு வந்த பரீட்சை வேறு: தன்னை நம்பி வந்த ஒருத்தியை மனுஷியாகப் பார்க்க முடிகிறதா என்பது. அதில் அவர் தோற்றார். தோற்ற பிறகும் அவர் தேடிப்போனது பாஷென்காவை. மார்யாவிடம் திரும்பிப் போகவே இல்லை. மனந்திரும்புதலைப் பற்றி எழுதப்பட்ட மகத்தான கதைகளில் ஒன்றில், திரும்ப வேண்டிய அந்த ஒரு கதவு மட்டும் இன்னும் தட்டப்படாமல் இருக்கிறது.