சட்டத்துக்குள் ஒன்பது பேர்

ஊரில் பாட்டன் வீட்டுக் கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உத்தரத்துக்குச் சற்றுக் கீழே வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றும் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து, கயிற்றில் தொங்கும். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டும், கண்ணாடியில் வாசல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. அதற்குத்தான் அந்தச் சாய்வு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

சாமி, காந்தி, கலியாணப் படம், பட்டம் வாங்கிய படம் எல்லாம் ஒரே வரிசைதான். ஆனாலும் அதில் ஓர் இலக்கணம் இருந்தது. மாலையும் பொட்டும் உள்ள படம் என்றால் அவர் காலமானவர். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மறந்தும் மாலை போட மாட்டோம். இறந்தவரைத் தெற்குச் சுவரில் மாட்டுவது பல குடும்பங்களில் வழக்கம். வள்ளுவர் சொன்ன தென்புலத்தார் அந்தத் திசைக்காரர்கள்தானே!

படத்துக்குச் சட்டம் போடும் பழக்கத்தில் நம் புனே வட்டாரத்துக்கும் பங்குண்டு. லோனாவளா லோக்கலில் மளவலி ஸ்டேஷன் வருமே, 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் பின்னர் அந்த ஊருக்குத்தான் மாறியது. அச்சில் வந்த லட்சுமியும் சரஸ்வதியும் ஏறிய சுவர்களில்தான் பிறகு தாத்தா பாட்டியின் ஸ்டூடியோ படங்களும் ஏறின.

இப்போது பானேர், வாகட் பக்கத்துப் புது அடுக்ககங்களுக்கு வருவோம். சோபாவுக்குப் பின்னால் சிறிதும் பெரிதுமாகக் கறுப்புச் சட்டங்கள். கோவாவில் எடுத்த படத்துக்கும் பாரிஸ் கோபுரத்துக்கும் நடுவே, நிறப் பொருத்தத்துக்காக ஒரு கொள்ளுத்தாத்தா. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சட்டத்தின் அளவுக்காக அவரை மார்போடு வெட்டிவிடுகிறார்கள். ஸ்டூடியோ படத்தில் பேசுவது முகம் மட்டுமா? உட்கார்ந்திருக்கும் தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, பின்னால் எழுதிய திரை, முக்காலியில் பூச்சாடி, செருப்பில்லாத கால். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற அந்தக் காலக் கணக்கு நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வெட்டிவிட்டால் பேரனுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கீழட்டையில் இருந்த ஸ்டூடியோ பெயரும் ஊரும்கூடச் சேர்ந்து போய்விடும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழக ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்வடிவில் சேர்த்தது. அப்படித் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டிய நிலை. உங்கள் வீட்டுப் படத்தின் நெகட்டிவ் எங்காவது இருக்கும் என்று நம்பாதீர்கள். சுவரில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

வாடகைக்காரர் பாடு வேறு. பதினோரு மாத ஒப்பந்தம், 'ஆணி அடிக்காதீங்க' என்ற நிபந்தனை. படங்கள் பழைய புடவையில் சுற்றியபடி பரணிலேயே கிடக்கும். அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாலும் போதுமே. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மட்டும் வேண்டாம். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

"அது யாரு?" என்று குழந்தை கேட்கும். "ஊர்ல ஒரு தாத்தா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். எங்கள் வீட்டில் கும்பகோணத்தில் எடுத்த குழுப்படம் ஒன்று உண்டு. அதில் ஒன்பது பேர். அத்தை இருந்தவரை ஒன்பது பேருக்கும் பெயர் இருந்தது. இப்போது ஆறு பேரைத்தான் என்னால் சொல்ல முடிகிறது. பின்னட்டையில் அந்த ஆறு பெயரையும் பென்சிலால் எழுதி, மூன்று இடம் விட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் ஊருக்குப் போகும்போது படத்தையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். சின்னப் பாட்டிக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம்.