கொம்யூன்: ஐரோப்பிய வேரும் புதுச்சேரி வழக்கும்

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட பத்து ஊரக உள்ளாட்சி அமைப்புகள் 'கொம்யூன் பஞ்சாயத்து' என வழங்கப்படுகின்றன. கொம்யூன் என்பதைப் பிரெஞ்சு ஆட்சியின் எச்சம் என்று கூறி அமைவது பொதுவான வழக்கம். அவ்விளக்கம் பிழையன்று; எனினும் முழுமையானதன்று. அச்சொல் இம்மண்ணில் அடைந்த பொருள் மாற்றத்தை அது விளக்குவதில்லை. அம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேரும் கிளைகளும்

இதன் மூலம் 'கொம்மூனிஸ்' என்னும் இலத்தீன் சொல். 'கொம்' என்பது உடன் எனவும், 'மூனுஸ்' என்பது கடமை, பணி, கொடை எனவும் பொருள்படும். எனவே பொதுமை என்னும் கருத்து இங்கு உடைமையிலிருந்து அன்றிக் கடமையைப் பகிர்தலிலிருந்தே பிறக்கிறது. முனிசிபாலிட்டி என்னும் சொல்லின் முற்பகுதியும் இதே 'மூனுஸ்' ஆகும்.

இடைக்கால ஐரோப்பாவில் நகரத்தார் ஒருவருக்கொருவர் உறுதிமொழி கூறி அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு கொம்யூன் எனப்பட்டது. இத்தாலியத்தில் 'கொமூனே', சுவீடியத்தில் 'கொம்மூன்' ஆகியன இன்றும் உள்ளாட்சியையே குறிக்கின்றன. போலந்து மொழியின் 'கொமூனா' பொதுவுடைமை ஆட்சியை இகழும் சொல்லாயிற்று. இவற்றுக்கு இனமான ஜெர்மானியச் சொல் 'கெமைன்' பொது என்னும் பொருளிலிருந்து இழிவு என்னும் பொருளுக்குத் தாழ்ந்தது. அதன் வழிவந்த 'கெமைண்டெ' மட்டும் உள்ளாட்சி என்னும் மதிப்பான பொருளைக் காத்துக்கொண்டது.

புதுச்சேரியில் பொருட்சுருக்கம்

பிரெஞ்சுப் புரட்சியின்போது இயற்றப்பட்ட 1789 டிசம்பர் 14ஆம் நாள் சட்டம் நகரம், சிற்றூர் என்னும் வேறுபாடின்றி ஒரே வகை உள்ளாட்சியை வகுத்தது. பாரிஸ் பெருநகரும் மலைச்சிற்றூரும் கொம்யூன் என்றே பெயர் பெற்றன. 1871இல் பாரிசில் எழுச்சியின் பெயராக விளங்கிய இச்சொல், 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையின் வழி பிரெஞ்சிந்தியாவில் நிர்வாகப் பெயராயிற்று. அப்போது புதுச்சேரி நகரமும் வில்லியனூரும் பாகூரும் ஒருங்கே கொம்யூன்கள்.

1973ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சட்டங்கள் இவ்வொருமையைப் பிரித்தன. நகரங்கள் நகராட்சிகளாயின, கொம்யூன் ஊரகத்திற்கு உரியதாயிற்று. பிரான்சில் கடைநிலை அலகான கொம்யூன், இங்குக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மேற்பட்ட இடைநிலை அலகாகவும் மாறியது. ஒரே வேரில் பிறந்த முனிசிபாலிட்டியும் கொம்யூனும் இவ்வாறு நகரம், ஊர் என்னும் பாகுபாட்டின் அடையாளங்களாயின. சமநிலையைக் குறித்த சொல் படிநிலையைக் குறிக்கலாயிற்று என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

பெயரும் பொருளும்

கூட்டுப் பொறுப்பு என்னும் கருத்து இப்பகுதிக்கு ஐரோப்பியர் கொணர்ந்த ஒன்றன்று. பல்லவன் நிருபதுங்கனின் பாகூர்ச் செப்பேடு, வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களை அளித்த அரசாணையை வாகூர் நாட்டு நாட்டாருக்கே விடுக்கிறது. கொடை நிறைவேற நாட்டாரின் பொறுப்பு வேண்டப்பட்டது. கொடை, கடமை ஆகிய 'மூனுஸ்' என்பதன் இருபொருளும் இங்கு ஒருங்கே அமைந்திருப்பது ஒப்புநோக்கத் தக்கது. இஃது ஒப்புமையே அன்றித் தொடர்ச்சி அன்று.

இந்நோக்கில் அண்மைக்கால நிலை கவலைக்குரியது. புதுச்சேரியில் 1968இல் நகராட்சித் தேர்தல் நடைபெற்றபின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின், பத்தாண்டு கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. அக்காலத்தில் கொம்யூன் அதிகாரிகள் நடத்தும் அலுவலகத்தின் பெயராக மட்டும் நின்றது. வரி செலுத்தும் கடமை மக்களிடம் இருந்தது. கூடி முடிவெடுக்கும் உரிமை இல்லை.

முடிவுரை

பொருட்சுருக்கம் மொழிக்கு இயல்பு. ஆயின் கொம்யூன் என்பதில் நேர்ந்த சுருக்கம் மொழியியல் காரணத்தால் மட்டும் விளைந்ததன்று. சட்டத்தாலும் தேர்தலின்மையாலும் விளைந்தது. எனவே இதனைப் பிரெஞ்சு எச்சம் என்று மட்டும் குறிப்பது, இங்கு நிகழ்ந்த மாற்றத்திற்கு வேற்று நாட்டாரைப் பொறுப்பாக்குவதாகும். அகராதிகள் இச்சொல்லின் புதுச்சேரிப் பொருளைத் தனியே பதிவு செய்யும்போது 1880, 1973 ஆகிய இரு நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.