‘கடலுக்கு அப்பால்’: வட்டிக்கடை ஊழியனின் நாவல்

தொழிலாளர் நாவல் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஆலையும் தறியும் தோல் பதனிடும் குழியுமே. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நெசவாளரையும், டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) திண்டுக்கல் தோல் தொழிலாளரையும் இலக்கியத்திற்குள் கொண்டுவந்தன. செட்டிநாட்டுக்கு அத்தகைய ஆலை நகரம் வாய்க்கவில்லை. அதன் பணியிடம் ரங்கூனிலும் பினாங்கிலும் மேடானிலும் இருந்தது. காரைக்குடி, கானாடுகாத்தான் மாளிகைகளைச் சுற்றிக் காட்டுவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பற்றி விரிவாகப் பேசுவர்; அவற்றுக்கான பொருளை ஈட்டிய கடைகளில் தரை பெருக்கிக் கணக்கெழுதிய பையன்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அந்தப் பையனின் வாழ்வை உள்ளிருந்து அறிந்து எழுதியவர் ப. சிங்காரம் (1920–1997). செட்டிநாட்டை ஒட்டிய சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடானுக்குக் கடை வேலைக்குச் சென்றவர். கலைமகள் நாவல் போட்டியில் 1959இல் பரிசு பெற்ற ‘கடலுக்கு அப்பால்’, பின்வந்த ‘புயலிலே ஒரு தோணி’ (1972) பெற்ற புகழில் மங்கிப்போயிற்று. காதல் தோல்விக் கதையென்றும், இந்திய தேசிய இராணுவக் கதையென்றும் அதனை வகைப்படுத்தி விடுகின்றனர். நாம் அதனை ஓர் ஊழியனின் கதையாகவே வாசிக்கிறோம்.

பினாங்கில் லேவாதேவி செய்யும் வயிரமுத்துப் பிள்ளையிடம் பணிபுரிபவன் செல்லையா. போர்க்காலத்தில் மகனை இழந்த பிள்ளை, தம் மகள் மரகதத்தை இவனுக்கே தரலாம் என்று எண்ணியிருந்தவர். ஆனால் செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்துவிடுகிறான். போர் முடிந்து அவன் கடைக்குத் திரும்பும்போது பிள்ளையின் மனம் மாறிவிட்டது. துப்பாக்கி பிடித்த கை இனிக் கணக்கெழுத உதவாது என்பதே அவர் தீர்ப்பு.

நாவலின் உயிர்நிலை இதுவே. இங்கே சாதி குறுக்கே நிற்கவில்லை, வறுமையும் நிற்கவில்லை. நாணயமும் திறமையும் செல்லையாவிடம் குறைந்துவிடவும் இல்லை. வட்டிக்கடை தன் ஊழியனிடம் உழைப்பை மட்டும் கேட்பதில்லை. பெட்டியடிப் பையனாக நுழைபவன் அடுத்தாளாகி மேலாளாவதற்குள், அடக்கம் அவன் நடையிலும் குரலிலும் பார்வையிலும் ஊறிவிட வேண்டும். ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் வெளியேறி விடுகிறான். கடைப் பையனோ கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, மூன்றாண்டுத் தவணை முடிந்த பிறகே ஊர் காண்பவன். சங்கமும் வேலைநிறுத்தமும் அவன் அறியாதவை. நாளைக்கு முதலாளியாகலாம் என்ற நம்பிக்கையே அவனைக் கட்டிப்போடும் கயிறு. அக்கயிறு செல்லையாவிடம் அறுந்துவிட்டதைப் பிள்ளை கண்டுகொள்கிறார். அவர் கொடியவர் அல்லர். தாம் கற்ற தொழிலின் இலக்கணப்படி நடப்பவர். அவரை வில்லனாக்காமல் விட்டதே சிங்காரத்தின் பெரும் வலிமை எனலாம்.

மரகதத்தை வேறொருவன் மணக்கிறான். செல்லையா எதிர்த்து நிற்கவில்லை. முற்போக்கு வாசகர் இதனைச் சரணாகதி என்று குறை கூறக்கூடும். ஆனால் போர்க்களத்தில் அஞ்சாதவன் கைமேசையின் முன் பேச்சிழந்து நிற்கும் காட்சியைவிட அவ்வாழ்வின் பிடியை உணர்த்தும் காட்சி வேறு எதுவாக இருக்க முடியும்?

வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனால் இக்கதை நமக்கு அயலானது என்று ஒதுக்கிவிடுவது எளிது; நேர்மையாகாது. இளையான்குடியிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் சபர் போன நம்மவர் வட்டிக்கடை வைக்கவில்லை எனினும், அவர்தம் கடைகளிலும் பையன்கள் இருந்தனர். ஊரில் மனைவியை விட்டுச் சென்று, முதலாளி வீட்டு மாப்பிள்ளையாகும் கனவோடோ தனிக்கடை வைக்கும் கனவோடோ மூட்டைகளுக்கு நடுவே உறங்கிய சபராளி, செல்லையாவின் உடன்பிறந்தானே. முதலாளிமாரின் தருமங்களையும் பள்ளிவாசல் திருப்பணிகளையும் நம் ஊர் வரலாறுகள் நிறையவே பதிந்துள்ளன. அப்பையன்களுக்கு அவற்றில் தந்த இடம் சிறிது.

நாவலில் நமக்குக் குறையொன்று உண்டு. ஊழியனின் காயத்தை இத்தனை நுட்பமாகக் கண்ட ஆசிரியர், கடன்பட்டவன் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. விலை வீழ்ச்சிக்குப் பின் 1938இல் அது 25 விழுக்காட்டை எட்டியது. மலாய் நாட்டிலும் விவசாயியின் நிலம் பிறர் கைக்குச் செல்லாதிருக்க 1913இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பினாங்குக் கடைக்கு வந்துபோன சீனரும் மலாய்க்காரரும் இந்நாவலில் பெரும்பாலும் வரவு செலவாகவே நின்றுவிடுகின்றனர். கணக்கெழுதப் பழகிய செல்லையாவின் கண்ணுக்கு அவர்கள் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள்; ஆனால் சிங்காரம் செல்லையா அல்லர்.