அனிச்சமும் அறைச்சாவியும்

தங்கும் விடுதியில் தீ மூண்டாலோ திருட்டு நேர்ந்தாலோ உணவு நஞ்சானாலோ அதனை ஆராயச் சட்டம் உண்டு, அதிகாரிகள் உண்டு, நாளேடுகளும் உண்டு. ஆனால், நள்ளிரவில் சொட்டிக்கொண்டேயிருக்கும் குழாய்க்கும், இருட்டில் கை துழாவியும் அகப்படாத விளக்கு விசைக்கும், முகம் நிமிராமலே கடவுச்சீட்டைக் கேட்கும் வரவேற்பாளருக்கும் வழக்குமன்றம் இல்லை. விருந்தினர் இவற்றைப் பெரும்பாலும் எவரிடமும் முறையிடுவதில்லை. காலையில் கணக்கை முடித்து, நன்றியும் கூறிப் புறப்பட்டுவிடுகிறார். பின்னர் அவ்வூருக்குப் பன்முறை வந்தாலும் அவ்விடுதியின் வாயிலை மிதிப்பதில்லை.

ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுபோன இரவைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், தலைமாட்டில் விளக்கு எரியாத ஓர் அறையைப் பொறுப்பதில்லை. பெருங்குறையை மன்னிப்பவர் சிறுகுறைக்காக ஓரிடத்தையே துறக்கிறார். இம்முரண்பாடு விடுதி நடத்துவோர்க்குப் புதிராகத் தோன்றலாம். தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு அது புதிராதல் ஆகாது. ஏனெனில், விருந்தினர் உள்ளம் எதனால் முறிகிறது என்னும் வினாவைத் தமிழ் நூல்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. அந்நூல்களை உரைகல்லாகக் கொண்டு இன்றைய விடுதிகளை உரசிப் பார்ப்பது பயனுடையது. அவ்வாறு உரசும்போது விடுதிகளின் மாற்று மட்டுமன்றி, அந்நூல்களைப் படிக்கும் முறையின் மாற்றும் வெளிப்படுகிறது.

புதியவர் என்னும் பொருள்

‘விருந்து’ என்னும் சொல் இன்று உணவையே முதலில் நினைவூட்டுகிறது. அதன் பழம்பொருள் புதுமை என்பது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டுள்ளமை, புதிதாகப் புனையப்படும் யாப்பைக் கருதியே ஆகும். ஆகவே விருந்தினர் என்பார் புதியவர். அவ்விடத்தின் இயல்பை அறியாதவர்.

சிறுகுறை ஏன் சிறிதாக இருப்பதில்லை என்பதற்குரிய முதல் விடை இச்சொல்லிலேயே உள்ளது. வெந்நீர் வருவதற்குக் குழாயை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அங்கே பணிபுரிவோர்க்கு ஒரு பொருட்டன்று. பத்து மணிநேரம் பேருந்தில் வந்திறங்கிய புதியவர்க்கு அது ஒரு போராட்டம். அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியில் செருகினாலன்றி அறையில் மின்சாரம் வாராது என்பது பழகியவர்க்கு வெளிப்படை. முதன்முறையாக விடுதியில் தங்கும் முதியவர்க்கு அது இருட்டு. குறையின் அளவை இடத்திற்கு உரியவர் தம் பழக்கத்தைக் கொண்டு அளக்கிறார். புதியவர் தம் அறியாமையைக் கொண்டு அளக்கிறார். இருவர் அளவுகோலும் ஒன்றல்ல. விடுதிகள் பிழைபடும் இடம் பெரும்பாலும் இதுவே.

மூன்று படிகள்

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பல், அனிச்சப்பூவின் உவமையோடு முடிகிறது. முகர்ந்தால் வாடும் அம்மலரையும், முகம் மாறுபட்டு நோக்கினாலே வாடும் விருந்தினரையும் அக்குறள் அருகருகே நிறுத்துகிறது. உரையெழுதிய பரிமேலழகர் இவ்விடத்தில் ஓர் அரிய பகுப்பைத் தருகிறார். விருந்தினரைத் தொலைவில் கண்டபோது இன்முகமும், அவர் நெருங்கி வந்தபோது இன்சொல்லும், அவர் உடன்பட்டபோது நற்செயலும் வேண்டும் என்பது அவர் கருத்து. அனிச்சம் தீண்டிய பின்னரே வாடுகிறது. விருந்தினரோ முதற்படியிலேயே, தொலைவில் நின்றே வாடிவிடுகிறார். அதனாலேயே அவர் மலரினும் மெல்லியர் ஆகிறார்.

முகம், சொல், செயல் என்னும் இம்மூன்று படிகளையும் இன்றைய விடுதியில் பொருத்திக் காணலாம்.

முதற்படியாகிய முகம் வரவேற்பு மேசையில் உள்ளது. மாலை மூன்று மணிக்கு அறை கிடைக்கும் என்று உறுதிகூறிய விடுதியில், நான்கு மணிக்கும் ஒரு குடும்பம் பெட்டிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. காத்திருத்தல் அவர்களை அத்துணை வருத்துவதில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமையே வருத்துகிறது. ஒருமுறை நிமிர்ந்து, “இன்னும் அரைமணி நேரம் ஆகும்; பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கூறியிருந்தால் அந்த அரைமணி அரைமணியாகவே கழிந்திருக்கும்.

பணமும் இப்படியிலேயே முகங்காட்டுகிறது. மலேசியாவில் 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுப் பயணியர்க்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலோ பல விடுதிகள் விலைக்குப் பின் இரண்டு கூட்டற்குறிகளை இடுகின்றன. ஒன்று 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். மற்றொன்று 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி. இவை சட்டத்திற்கு உட்பட்டவை, விடுதியின் குற்றமல்ல. எனினும் முன்பதிவின்போது எடுத்துரைக்கப்படாமல், களைத்து வந்து நிற்கும் வேளையில் கேட்கப்படும் 10 ரிங்கிட், நூறு ரிங்கிட்டினும் கனக்கிறது. கொடுப்பது வலிக்கவில்லை; மறைக்கப்பட்டது என்னும் எண்ணமே வலிக்கிறது.

இரண்டாம் படி சொல். விடுதியின் சொற்களுள் மிகுதியானவை வாயிலிருந்து வருபவை அல்ல, சுவரில் ஒட்டப்பட்டவை. டுரியான் கொண்டுவரலாகாது, மங்குஸ்தீன் கொண்டுவரலாகாது, துண்டு காணாமற்போனால் தண்டம், சாவியட்டை தொலைந்தால் தண்டம். இத்தடைகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டுரியானின் மணம் திரைச்சீலையை விட்டு எளிதில் நீங்காது. மங்குஸ்தீன் தோலின் சாறு படுக்கை விரிப்பில் கறையாகப் படியும். ஆயினும் ஓர் அறையில் விருந்தினர் காணும் சொற்கள் யாவும் தடையும் தண்டமுமாகவே இருப்பின், அவ்வறை அவரைக் குற்றவாளியாக எண்ணிக் காத்திருந்தது என்றே பொருள்படும்.

புறநானூற்றில் ஐம்பதாம் பாட்டின் நிகழ்ச்சி ஈண்டு நினையத்தக்கது. மோசிகீரனார் என்னும் புலவர், களைப்பு மிகுதியால் சேர மன்னனின் முரசுகட்டிலில் அறியாது துயின்றுவிட்டார். நீராட்டுக்குச் சென்ற முரசு திரும்பி வைக்கப்படும் புனிதமான இடம் அது. அதில் ஏறியவர் வாளுக்கு இரையாவது அக்கால நெறி. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுத்தானல்லன். துயிலும் புலவர்க்குக் கவரி வீசி நின்றான். நெறியை மீறியவர் அறியாமையால் மீறினார் என்பதை மன்னன் உணர்ந்தான். புதியவரின் பிழை வேறு, பகைவரின் பிழை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத அறிவிப்புப் பலகை எத்துணை நல்ல தமிழிலோ மலாயிலோ எழுதப்பட்டிருப்பினும் இன்சொல் ஆகாது.

மூன்றாம் படி செயல். ஈண்டு இருவேறு எடுத்துக்காட்டுகள் போதும். மலேசிய விடுதி அறைகளின் கூரையில், கிப்லாவின் திசையைச் சுட்டும் சிறிய அம்புக்குறி ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதற்கு ஆகும் செலவு சில காசுகளே. ஆனால், தொழுகைக்கு உரிய திசை எது என்று எவரையும் கேட்க வேண்டிய நிலை முஸ்லிம் பயணிக்கு நேருவதில்லை. அவர் வருமுன்னரே அவர் வருவார் என ஒருவர் எண்ணியிருக்கிறார். அவ்வம்புக்குறி ஓர் உயர்ந்த விருந்தோம்பல்.

மறுநாட்காலை உணவுமேசையிலோ நிலைமை மாறிவிடலாம். மரக்கறி உண்பவர் நாசி லெமாக்கின் சம்பலைச் சுட்டி, அதில் என்ன கலந்துள்ளது என வினவுகிறார். “நெத்திலியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாமே” என்று விடை வருகிறது. கீரைப் பிரட்டலில் பெலாச்சான் உண்டா என்று கேட்டால் ஒருவர் மற்றவரைப் பார்க்கிறார். மேசையில் நாற்பது வகை உணவு இருந்தும் அவர் ரொட்டியும் தேநீருமாக எழுந்துவிடுகிறார். நாற்பது சிறு அட்டைகளில் உணவின் பெயரோடு அதன் கலப்பையும் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறை அது. கூரையில் அம்புக்குறி ஒட்டத் தெரிந்த கைக்கு, கிண்ணத்தின் அருகே அட்டை வைக்க மட்டும் ஏன் தோன்றவில்லை? சிறுகுறை என்பது பொருள் இல்லாமை அன்று, நினைப்பு இல்லாமை.

வாயிலில் நின்ற ஔவையார்

குறையைக் கண்ட விருந்தினர் என்ன செய்வார் என்பதற்கும் புறநானூறு விடை தருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நல்காது காலம் நீட்டித்தபோது, ஔவையார் வாயிற்காவலனை நோக்கிப் பாடிய பாட்டு அதில் உள்ளது. உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என வினவி, உலகம் பரந்தது, கலைவல்லார்க்கு எங்கும் உணவுண்டு என்று கூறி, யாழையும் பைகளையும் எடுத்துக்கொண்டு புறப்படும் உணர்வை அப்பாட்டுக் காட்டுகிறது. அதியமான் கஞ்சன் அல்லன். அவன் கொடை புகழ்பெற்றது. கொடை இருந்தும் காத்திருக்க வைத்தமையே குறை.

ஔவையார்க்கும் இன்றைய விருந்தினர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் பாடினார், இவர் பாடுவதில்லை. பாடியமையால் அதியமானுக்குத் தன் குறை தெரியவந்தது. இன்றைய விருந்தினரின் மௌனத்தை நிறைவு என்று விடுதி கருதிக்கொள்கிறது. முறையிடுபவர் மீளவும் வர விரும்புபவர். முறையிடாமல் செல்பவர் விடைபெற்றுக்கொண்டவர். ஆதலின் முறையீட்டைத் தொல்லையாக எண்ணும் விடுதி தன் நண்பரைத் தானே துரத்துகிறது.

விலையும் மதிப்பும்

இவ்வொப்பீட்டிற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வள்ளுவர் கூறியது இல்வாழ்வார் விலை கருதாது செய்யும் அறம், விடுதியோ வாணிகம், பணம் பெற்று அறை தரும் இடத்தில் விருந்தோம்பலைத் தேடுவது பொருந்துமா என்பதே அம்மறுப்பு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. விடுதியாளர் வள்ளலாகத் தேவையில்லை; அறையை இலவசமாகத் தரவும் தேவையில்லை.

எனினும் பெருஞ்சித்திரனார் பாட்டொன்று இம்மறுப்பிற்கு வேறொரு கோணத்தில் விடையிறுக்கிறது. அவரும் அதியமானிடமே சென்றவர். மன்னன் அவரை நேரிற் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். காணாது தந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவதாயின் மிகச் சிறிதும் இனிது என்றும் கூறினார். அன்பளிப்பே ஆயினும் முகங்காணாது தரப்படும்போது வாணிகமாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அதன் மறுபக்கமும் உண்மையே. வாணிகமே ஆயினும் முகமறிந்து செய்யப்படும்போது அது வாணிகத்தினும் மேம்படுகிறது.

வாணிக இயல் ஆய்வாளரும் இம்முடிவிற்கு அருகே வந்துள்ளனர். பரசுராமன், சைதாமல், பெரி என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, சேவையின் தரத்தை ஐந்து கூறுகளாகப் பகுத்தது. கண்ணாற் காணும் பொருள்கள் அவற்றுள் ஒன்றே. நம்பத்தக்க தன்மை, விரைந்து உதவுதல், உறுதிப்பாடு, பிறர்நிலை உணர்தல் ஆகிய நான்கும் மனிதரின் நடத்தையைச் சார்ந்தவை. பளிங்குத் தரையும் தொங்கும் விளக்கும் ஐந்தில் ஒரு பங்கிற்குள் அடங்கிவிடுகின்றன.

பணியாளரின் முகம்

ஆனால் இன்முகத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க இயலுமா? இவ்வினாவைக் கடந்து செல்லும் திறனாய்வு நேர்மையானதன்று. பல விடுதிகள் பணியாளர்க்குச் சிரிக்கக் கற்றுத் தருகின்றன. கற்றுத் தந்த சிரிப்பு விருந்தினர் திரும்பியவுடன் அணைந்துவிடுவதையும் காண முடிகிறது. திருக்குறளின் அதிகார வரிசை இதற்கு விளக்கம் தருகிறது. விருந்தோம்பலுக்கு முன் அன்புடைமையும், பின் இனியவைகூறலும் அமைந்துள்ளன. அன்பு என்னும் வேரின்றி இன்முகமும் இன்சொல்லும் பூப்பதில்லை.

ஒரு நாளில் அளவிற்கு மிஞ்சிய அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்ணிடம், தலைமாட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகும் ஓய்வை எவரும் தரவில்லை. இரவுப்பணி முடிந்தும் மாற்றாள் வாராமையால் மேசையிலேயே நிற்கும் இளைஞரிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது எளிது; அதற்குரிய நிலையை உண்டாக்குவதே அரிது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல், விருந்தினர் செலுத்தும் சேவைக் கட்டணத்தைக் கொண்டு பணியாளரின் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரவுதல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. விருந்தினர் மனமுவந்து தந்தது சம்பளக் கணக்கில் கரைந்துபோகாமல் காத்த தீர்ப்பு அது. தன் நிறுவனத்தால் மதிக்கப்படாதவர் பிறரை மதிக்க வேண்டும் என்று கேட்பது வேரை அறுத்துவிட்டு மலரைத் தேடுவதாகும். விருந்தினர்க்கும் இதில் கடமை உண்டு. பணியாளரின் பெயரட்டையைப் படித்துப் பார்க்காதவர், தம் முகத்தை அவர் நோக்கவில்லை எனக் குறைகூறும் தகுதியைப் பாதி இழந்துவிடுகிறார்.

ஏழடி

வருகையைப் பற்றி இத்துணை எண்ணும் விடுதிகளும் புறப்பாட்டை மறந்துவிடுகின்றன. பொருநராற்றுப்படையில் கரிகாலன், விடைபெற்ற பொருநனின் பின்னே ஏழடி நடந்து சென்று வழியனுப்பினான் என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். சோழ நாட்டின் வேந்தனுக்கு ஏழடி நடப்பது பெருஞ்செயல் அன்று. கொடுத்த செல்வத்தினும் அந்த ஏழடியே பொருநனை மற்றொரு கலைஞனிடம் அம்மன்னனைப் பற்றிப் பேச வைக்கும் ஆற்றல் உடையது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே, நன்றாக உபசரிக்கப்பட்டவன் எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழிகாட்டுவதாக அமைந்தது. இன்றைய விடுதிகள் விளம்பரத்திற்குச் செலவிடும் பொருளைக் கொண்டு பெற முனைவதை அன்று ஏழடி பெற்றுத் தந்தது.

விடுதியிலோ கடைசிக் காட்சி பெரும்பாலும் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதற்காக நிற்பதாகவே அமைகிறது. துண்டுகள் சரியாக உள்ளனவா என்று மாடியிலிருந்து தொலைபேசியில் விடை வரும்வரை விருந்தினர் காத்து நிற்கிறார். அவர் உள்ளத்தில் தங்கிப்போகும் இறுதி நினைவு அதுவே.

விருந்தோம்பல் அதிகாரம் பள்ளிகளில் தவறாமல் கற்பிக்கப்படுகிறது. தமிழர் பெருமையைச் சாற்றும் அதிகாரமாகவே அது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. மாணவர் அதனை மனனம் செய்து, தேர்வில் எழுதி, முழுப்புள்ளி பெறுகின்றனர். அவ்வதிகாரம் பெருமைக்குரியதே. ஆனால் அது முதலில் ஒரு சோதனை. புதியவர் ஒருவர் வாயிலில் நிற்கும்போது, அது விடுதியாயினும் பள்ளியாயினும் இல்லமாயினும், உள்ளிருப்பவர் முகம் எவ்வாறு இருந்தது என்பதே அச்சோதனையின் வினா. புதிதாக வகுப்பில் சேர்ந்த மாணவன் எங்கே அமர்வது என்று தெரியாமல் கதவருகே நின்றுகொண்டிருக்க, கரும்பலகையில் அனிச்சத்தின் பொருளை எழுதிக்கொண்டிருக்கும் வகுப்பும் அச்சோதனையில் தோற்றதேயாகும்.