கட்டங்களுக்குள் ஒரு விடைபெறல்

குறுக்கெழுத்துப் புதிரை இலக்கியமாகக் கொண்டு திறனாய்வு செய்யலாமா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். பென்சிலும் கையுமாக அமர்ந்து நிரப்பி, மறுநாள் பழைய தாளோடு கட்டிப் போடுகின்ற ஒன்றுக்கு ஆய்வு எதற்கு? நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் 2013 சனவரி 11 அன்று வெளிவந்த ஒரு புதிர் அந்த எண்ணத்தை மாற்றியது.

அதனை அமைத்தவர் ஜான் கிரகாம் என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு. 1921-இல் பிறந்த அவர் 1958 முதல் அவ்விதழுக்குப் புதிர்கள் அமைத்து வந்தார். மணமுறிவினால் பங்குப் பணியை இழந்த பின்னர் புதிரே அவருக்குப் பிழைப்பாயிற்று. 'அரௌக்கேரியா' என்பது அவர் புனைபெயர். குரங்கும் ஏறத் திகைக்கும் என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகப் பெயரிட்ட ஒரு மரத்தின் தாவரவியல் பெயர் அது. 'பைனான்சியல் டைம்ஸ்' இதழிலோ அவர் 'சினிஃபைல்' என்று ஒப்பமிட்டார். திரைப்படப் பிரியர் என்பது அதன் பொருள். ஆனால் அச்சொல்லின் ஒன்பது ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'சிலி பைன்' என்று வரும். அதுவும் அதே மரத்தின் பெயர்தான்! மனிதரின் குணத்தை இந்த ஒப்பமே காட்டிவிடுகிறது.

இவ்வகைப் புதிருக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஒவ்வொரு குறிப்பிலும் இரு பகுதிகள் இருக்கும். ஒன்று, விடையின் நேர்ப்பொருள். மற்றொன்று, எழுத்துகளைக் கொண்டு அவ்விடையைக் கட்டும் வழி. இரண்டும் ஒரே தொடராக இணைந்து, வேறு ஏதோ ஒரு செய்தியைச் சொல்வதுபோல் நடிக்கும். நம் சிலேடையில் இரு பொருளும் மெய். இங்கோ மேற்பொருள் வெறும் திரை. குறிப்பு நம்மை ஏமாற்றலாம். பொய் சொல்லக் கூடாது. அதுவே இக்கலையின் அறம்.

அவருடைய புகழ்பெற்ற குறிப்பு ஒன்றைப் பார்ப்போம். 'கற்பு நெறி நிற்கும் லார்ட் ஆர்ச்சர் வியப்பூட்டும் வகையில் சோம்பிக் கிடக்கும் கவிதைக் காட்சி' என்பது போன்ற மேற்பொருள் தருவது அது. 'கவிதைக் காட்சி' என்பது நேர்ப்பொருள். 'வியப்பூட்டும் வகையில்' என்பது எழுத்துகளைக் கலைக்குமாறு இடும் ஆணை. 'சேஸ்ட் லார்ட் ஆர்ச்சர் வெஜிடேட்டிங்' என்னும் நான்கு சொற்களின் 26 ஆங்கில எழுத்துகளையும் ஒன்றுகூட மிஞ்சாமல் மாற்றி அடுக்கினால், 'தி ஓல்டு விக்கரேஜ் கிராண்ட்செஸ்டர்' என்பது கிடைக்கும். அது ரூபர்ட் புரூக் 1912-இல் எழுதிய கவிதையின் தலைப்பு. கவிதை பாடிய அந்த வீட்டையே பின்னாளில் வாங்கிக் குடியேறியவர் நாவலாசிரியர் ஆர்ச்சர். இத்தகைய பொருத்தம் எழுத்துகளுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது என்பதை எண்ணினால் மலைப்பு ஏற்படுகிறது. ஆயினும், பிறர் ஒழுக்கத்தைத் தைக்கும் அதன் குத்தல் நமக்கு நெருடலாகவே இருக்கிறது. அறிவு சிரிக்கும்போது அன்பு சற்று ஒதுங்கி நின்றுவிட்டது.

2013-இன் புதிரில் அந்த அறிவு தன்மீதே திரும்புகிறது. புதிரின் மேலே ஒரு முன்குறிப்பு இருந்தது. அரௌக்கேரியாவுக்கு 19-இன் 18 உள்ளது என்றும், அதற்கு 13, 15 அளிக்கப்படுகிறது என்றும் அது அறிவித்தது. கட்டங்களை நிரப்பியவர்கள் கண்ட விடைகள் இவை: 18, புற்றுநோய், 19, உணவுக்குழல், 13, 15, நோய்த்தணிப்புப் பராமரிப்பு. செவிலி, எண்டோஸ்கோப்பி, சூரிய அஸ்தமனம் என்பனவும் மற்றக் கட்டங்களில் விடைகளாக அமைந்திருந்தன. அப்போது அவருக்கு வயது 91.

சாவை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. நமக்குப் புலம்பல் நூல் நினைவுக்கு வருகிறது. எருசலேமின் அழிவைப் பாடும் அந்நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய அகரவரிசையின் 22 எழுத்துகளைப் பின்பற்றி அமைந்தவை. கரைகடந்த துயரத்துக்கு அந்தக் கவிஞர் ஓர் எழுத்து வரிசையைக் கரையாக இட்டார். அதனால் துயரம் பொய்யாகிவிடவில்லை, தாங்கிச் சொல்லக்கூடியதாயிற்று. கிரகாம் செய்ததும் அதுவே. தலைப்புச் செய்தியாக உரக்க அறிவிக்காமல், வாசகர் தம் கையாலேயே ஓரோர் எழுத்தாக எழுதி உண்மையை அடையச் செய்தார். புதிர் அவிழ்க்கத் தெரியாதவருக்கு இந்த மடல் முத்திரையிட்டதாகவே இருந்தது என்பது குறைதான். ஆனால், 50 ஆண்டுகளுக்கு மேல் தம்முடன் விளையாடியவர்களுக்கு அவர்களது மொழியிலேயே அவர் விடை சொன்னார்.

நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் வீடுகளில் வாசலிலேயே நம்மை நிறுத்தி, "சாமி, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்" என்று காதோடு கூறும் பிள்ளைகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்களது அன்பை ஐயுற இயலாது. உள்ளே சென்றால், தந்தை நம் கையைப் பற்றி, "பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், சாமி" என்பார்! இருவரும் ஒரே விடையை அறிந்திருந்தும் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவைக்கின்றனர். அந்த மௌனத்தில் நாமும் பங்குகொண்டதுண்டு என்பதை இப்புதிர் நமக்கு உணர்த்தியது.

நோய்த்தணிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பல்லியம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. போர்வை என்பது அதன் பொருள். போர்வை, குளிர்ந்த உடலைப் போர்த்தவும் உதவும். உண்மையை மூடவும் உதவும். கிரகாம் முதல் வகைப் போர்வையைத் தேர்ந்துகொண்டார். 2013 நவம்பர் 26 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். குறிப்பு நம்மை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது என்ற தம் கலையின் அறத்தை அவர் இறுதிக் கட்டத்திலும் மீறவில்லை.