தர்மாஸ்பத்திரியும் டாக்டர் மான்ஸனும்

ஏ. ஜே. க்ரோனின் எழுதிய 'தி ஸிடாடல்' என்ற ஆங்கில நாவல் 1937-இல் வெளிவந்தது. 1971-இல் 'தேரே மேரே ஸப்னே' என்று ஹிந்தியில் படமாகவும் வந்தது. இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் கிடைக்க வழி செய்த புத்தகம் என்று அதைப் புகழ்வது வழக்கம். இந்தப் புகழில் பாதி நியாயம் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதி நம்மை ஏமாற்றுகிறது.

கதை எளிமையானது. ஆண்ட்ரூ மான்ஸன் என்ற இளம் டாக்டர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வேலைக்கு வருகிறான். பெரிய டாக்டர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். உழைப்பது மான்ஸன், பணத்தை எண்ணி வைத்துக்கொள்வது அந்த வீட்டை ஆளும் ப்ளாட்வென் என்ற பெண்மணி. சாக்கடை கசிந்து ஊரில் விஷஜுரம் பரவுகிறது. அதிகாரிகள் அசையவில்லை. மான்ஸனும் அவன் நண்பன் டென்னியும் ஓர் இரவில் அந்தச் சாக்கடையை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். பிறகு வேறொரு சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் கூலியில் பிடித்துச் சேர்த்த பணத்தில் நடக்கும் வைத்திய சங்கத்தில் வேலை. அதன் பிறகு லண்டன், பணக்கார நோயாளிகள், வீழ்ச்சி, மீட்சி.

பணம் வைத்தியத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல்கள் குறைவு. ஆனால் க்ரோனின் காட்டும் பரிகாரம் என்ன? கடைசியில் மூன்று நல்ல டாக்டர்கள் ஒன்றுகூடி, ஒரு சிறு நகரத்தில் சேர்ந்து தொழில் நடத்தத் தீர்மானிக்கிறார்கள். அவ்வளவுதான். தொழிலாளர்களின் சங்கத்தை ஆசிரியர் அதிக மதிப்போடு பார்க்கவில்லை. அதன் கமிட்டி அவருக்குக் குறுகிய மனம் படைத்தவர்களின் கூட்டம். வேடிக்கை என்னவென்றால், க்ரோனின் வேலை பார்த்த ட்ரெடீகர் என்ற ஊரில் அப்படி ஒரு சங்கம் உண்மையாகவே இருந்தது. அதன் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் அனைரின் பெவன் என்ற சுரங்கத் தொழிலாளியும் இருந்தார். அவரே பின்னால் சுகாதார மந்திரியாகி, 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசம் முழுவதற்கும் இலவச வைத்தியத்தைத் தொடங்கி வைத்தார். நாவலாசிரியர் நல்ல மனிதனைத் தேடினார். கமிட்டிக்காரர் நல்ல ஏற்பாட்டைத் தேடினார்.

இந்த வித்தியாசம் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியை எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்ட சோழபுரத்திற்குப் பக்கத்தில், திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் உள்ள ஊர். அங்கே சர்க்காரின் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே ஜெயங்கொண்டத்தில் அரசு ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே 2022-இல் திறந்த அரியலூர் மருத்துவக் கல்லூரி. இந்த ஏணியின் முதல் படியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வேல்ஸ் முறை இங்கே செல்லாது. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ஆம் வருஷச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. உண்டு; அவன் சம்பளத்தில் ஒரு பங்கும் முதலாளியிடம் ஒரு பங்கும் பிடிக்கலாம். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிறவளுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் சம்பளச் சீட்டு ஏது? எதில் பிடிப்பது? 1946-இல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டிக்கு இது தெரிந்திருந்தது. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக் கூடாது என்றது. முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப நிலையம் வேண்டும் என்றது. செலவு பொதுப் பணத்திலிருந்து வரவேண்டும்.

அந்தப் பொதுப் பணம் யாருடையது? சோப்புக் கட்டி வாங்கும்போதெல்லாம் நாற்று நடுகிறவளும் வரி கொடுக்கிறாள். ஆனாலும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நாம் வைத்த பெயர் 'தர்மாஸ்பத்திரி'. தன் பணத்தில் நடப்பதைத் தர்மம் என்று நம்பிய பிறகு அவள் எப்படிக் கேள்வி கேட்பாள்? டாக்டர் சிரித்தால் புண்ணியவான், சீறினால் தலைவிதி. நம் தொடர்கதைகளும் இதையே வளர்த்துவிட்டன. அவற்றில் டாக்டர் தியாகியாக இருப்பார், இல்லாவிட்டால் பணப் பேயாக இருப்பார். தியாகி வராத நாளில் நோயாளி என்ன ஆவான் என்று கதை கேட்பதில்லை.

ஏற்பாடு கேட்கிறது. க்ரோனின் சாக்கடைக்கு வெடி வைத்த இரண்டே வருஷத்தில், 1939-இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. குடிநீரிலும் சாக்கடையிலும் தலையிட அதிகாரிக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்தது, வெடி தேவையில்லை. 1995-இல் வேலையைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, சோதித்து, ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம். அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். பாஸ் புத்தகத்தைக் கதாநாயகனாக வைத்து யாரும் நாவல் எழுதப் போவதில்லை. ஆனால் மீன்சுருட்டியில் ஒருத்திக்கு மாத்திரை கிடைப்பது அதனால்தான்.

2009-இல் வேறொரு பாதையும் பிறந்தது: காப்பீடு. 2012-இல் அது முதலமைச்சர் பெயரில் புது உருவம் பெற்றது. 2018-இல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை என்றாயிற்று. இதய ஆபரேஷனுக்குப் பணமில்லாமல் தவித்த குடும்பங்களுக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பணம் படுக்கையைத் தேடிப் போகிறது. அதில் ஒரு பகுதி தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. ரத்தக் கொதிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுத்து ஆபரேஷனே வராமல் தடுக்கிற வேலை ஆரம்ப நிலையத்துடையது. 2021-இல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டம் வந்தது இதை உணர்ந்துதான். இந்த வேலையில் நாடகம் இல்லை, நன்றிக் கண்ணீர் இல்லை. ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் இதற்காக வாதாடுகிறவர்களும் குறைவு.

வாதாடக் கூடியவர்கள், அதாவது பத்திரிகை படிக்கிற, மனு எழுதத் தெரிந்த நடுத்தரக் குடும்பத்தவர்கள், தர்மாஸ்பத்திரியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டார்கள். மருந்து வரவில்லை என்றால் மீன்சுருட்டியில் கேட்கிற குரல் ஏழையின் குரல் மட்டுமே. அது ஜெயங்கொண்டம்வரைகூட எட்டுவதில்லை. ட்ரெடீகரில் அப்படி இல்லை. பணம் கொடுத்தவனே கமிட்டியில் உட்கார்ந்தான், சண்டையும் போட்டான். க்ரோனினுக்கு எரிச்சலூட்டிய அந்தச் சண்டைதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

'தி ஸிடாடல்' படிக்க வேண்டிய நாவல். மான்ஸனுக்காகக் கண் கலங்குங்கள். ஆனால் அவன் எதிர்த்து நின்ற கமிட்டி அறையையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆசிரியர் அவசரமாகக் கடந்துபோன அந்த அறையில்தான் பெரிய கதை ஒன்று நடந்தது. தமிழில் அந்தக் கதையை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.